தாய்மாமன் மடியும் நாளைய எபிசோடும்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி மதுரையில் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைக்குப் போய், தினசரி சீரியல் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறார். ஏழெட்டு மாதமாக அந்த சீரியல் ஓகோவென்று ஓடுகிறது. நடுவில் சகோதரியின் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து ஆசாரி காதைத் தொட்ட நேரத்தில், தம்பி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி மறு கையில் போனை வாயருகே வைத்து யாருக்கோ வசனம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிள்ளை வீறிட்டு அழுதபோதுகூட நிறுத்தவில்லையாம். போதாததற்கு, சொத்துத் தகராறில் இவர்களுடைய அத்தை பேசிய பேச்சு வார்த்தை மாறாமல் சீரியலில் வந்துவிட்டது. இப்போது அத்தை வீட்டோடு போக்குவரத்தே இல்லை. 'புகழ் தலைக்கேறிவிட்டது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதானா? வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?' என்று கேட்டிருக்கிறார். கேள்வி இரண்டாக இருந்தாலும் அவர் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பழைய தம்பி திரும்பக் கிடைப்பானா என்பதுதான் அது. அதற்குத்தான் எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை, உங்கள் தம்பியைப் பார்த்ததும் இல்லை. ஆனால் பதிமூன்று வருஷம் சென்னை சாலிகிராமத்தில் உட்கார்ந்து சீரியலுக்கு வசனம் எழுதினேன். ஐந்து சீரியல்கள். நான்கு வந்த தடம் தெரியாமல் போயின. 2017-ல் எழுதத் தொடங்கிய ஐந்தாவது, மூன்றாம் மாதமே பிடித்துக்கொண்டது. அதிலிருந்து 2020 வரை எனக்கு நடந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். இப்போது மதுரை திருநகரில் இருக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது புரியாது. சினிமாவில் ஒரு படம் ஓடினால் எழுதியவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பாராட்டு விழா நடக்கும், அடுத்த கதையை யோசிக்க ஆறு மாதம் தருவார்கள். தினசரி சீரியலில் வெற்றிக்கு ஒரே பலன்தான், சீரியல் முடியாது. ஓடாத சீரியலை நூறு, நூற்றைம்பது எபிசோடில் முடித்துவைத்துவிடுவார்கள். எழுதியவர் ஊருக்குப் போய் ஒரு மாதம் தூங்குவார். ஓடுகிற சீரியலுக்கு நாளைக்கும் எபிசோட் வேண்டும், நாளை மறுநாளும் வேண்டும். திங்கள் முதல் சனி என்று வைத்தால் வருஷத்துக்கு 312 எபிசோட். விளம்பரம் போக ஒன்று 20 நிமிடம் என்று எடுத்தால் 104 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படமாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நாற்பது படத்துக்கு மேல். கதையும் திரைக்கதையும் வேறு ஆட்கள் பார்த்தாலும் வாயைத் திறந்து பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் வசனகர்த்தாவின் தலையில்தான். அமெரிக்காவில் 2023-ல் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்களை வைத்தாக வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அங்கே ஒரு சீசனுக்குப் பத்து எபிசோட் எழுதவே ஒரு அறை நிறைய ஆட்கள் உட்காருகிறார்கள். நான் எழுதிய காலத்தில் என் அறையில் நானும் ஒரு உதவியாளரும்தான் இருந்தோம்.

ஆரம்பத்தில் 'பேங்க்' என்று ஒன்று இருக்கும். ஒளிபரப்புக்கு முன்பே எடுத்து வைத்திருக்கும் எபிசோடுகளுக்கு அந்தப் பெயர். இருபது எபிசோட் பேங்க்கில் இருந்தால் எழுதுகிறவன் மனிதனாக இருக்கலாம். சீரியல் ஓட ஆரம்பித்ததும் அதில்தான் முதலில் கை வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர ஸ்பெஷல், பண்டிகை ஸ்பெஷல், இன்னொரு சீரியலோடு சேர்த்து மகா சங்கமம் என்று வரிசையாக வரும். இருபது எபிசோட் இரண்டாகக் கரைந்துவிடும். அப்புறம் ரேட்டிங், அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு. முந்தின வாரத்துக்கான எண் வியாழக்கிழமை வரும். எண் ஒரு புள்ளி இறங்கினால் எழுதி வைத்த கதை ட்ராக் முழுவதும் குப்பைக்குப் போகும். இரவு பதினொரு மணிக்குப் புது ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், வரும், காலை ஏழு மணிக்கு ஸ்பாட்டில் சீன் இருக்க வேண்டும். அங்கே நாற்பது, ஐம்பது பேர் லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். எழுதி அனுப்ப நேரமில்லாதபோது போனில் சொல்லச் சொல்ல உதவி இயக்குநர் எழுதிக்கொள்வார். காது குத்தில் நீங்கள் பார்த்தது அதுதான். அந்த வசனத்துக்காக எங்கோ ஒரு வீட்டில் மேக்கப் போட்ட நடிகை ஒருவர் கால்ஷீட் முடிகிற நேரத்தில் நின்றுகொண்டிருந்திருப்பார்.

இதைச் சொல்வது உங்கள் தம்பி செய்தது சரி என்பதற்காக இல்லை. நானும் செய்திருக்கிறேன், அது சரியில்லை. 2018-ல் என் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். நான் கூடவே போனேன், அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாமியார்-மருமகள் சீன் ஒன்றைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவை நர்ஸ் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நான் பேச்சை நிறுத்தாமல் ஒரு விரலைத் தூக்கி 'ஒரு நிமிஷம்' என்று சைகை காட்டினேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் இன்னும் எடுக்காத புரை. என் விரல் அவளுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் முடிக்கும்வரை அப்படியே நின்றாள். அன்று இரவு படுத்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. உறைத்தும் அடுத்த நாள் எழுதினேன்.

அதனால் 'தலைக்கனமா' என்ற கேள்விக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். தலைக்கனம் பிடித்தவர்களை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசேஷத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள். புதுக் காரில் வந்து இறங்குவார்கள், எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பந்தியில் சத்தமாகப் பேசுவார்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் வசனம் சொல்கிறவனிடம் இருப்பது பயம். ஒரு நாள் சீன் தாமதமானால் 'கூட ஒருத்தரைப் போட்டுக்கலாமே சார்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். அந்த ஒருத்தர் மூன்று மாதத்தில் நம் நாற்காலியில் இருப்பார். முன்னால் நான்கு சீரியல் தோற்றபோது எனக்கு இந்தப் பயம் இருந்ததில்லை, இழக்க ஒன்றும் இல்லையே. ஜெயித்த பிறகுதான் தூக்கம் போனது. பார்த்தே தீர வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தன்னைவிடச் சின்ன இடத்தில் இருப்பவர்களிடம், டீ கொண்டு வருகிற பையனிடம், உதவியாளரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அங்கே குரல் மாறியிருந்தால் ஊர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

உடம்பு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல். ஓடுகிற சீரியலின் வசனகர்த்தாவுக்கு 55 மணி நேரம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே தாண்டிவிடும். எனக்கு 41 வயதில் ரத்த அழுத்தம் 160-ஐத் தாண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான், பல் வலிக்காகப் போன இடத்தில். ஆகவே உங்கள் தம்பியிடம் வேறு எதைப் பேசுகிறீர்களோ இல்லையோ, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வையுங்கள்.

'திடீர்ப் பணமும் பேரும் மனுஷனைக் கெடுக்கும்' என்கிற பேச்சு அப்படி உறுதியானதில்லை. 1978-ல் அமெரிக்காவில் லாட்டரியில் பரிசு விழுந்தவர்களை ஆராய்ந்து, அவர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் சந்தோஷமாக இல்லை, சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்கு இன்பம் குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். இன்றுவரை மேடைப் பேச்சாளர்கள் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் இருந்த வெற்றியாளர்கள் 22 பேர்தான். பிற்பாடு சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்த்தபோது, பெரிய பரிசு வாங்கியவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் வாழ்க்கையில் திருப்தி கூடுதலாகவே இருந்தது. அதுவும் லாட்டரிக்காரர்களைப் பற்றியதுதான், எழுத்தாளர்களைப் பற்றி இல்லை. வெற்றி என்பதே ஒரு நோய் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். என் அனுபவத்தில் என்னைக் குலைத்தது பேரும் பணமும் இல்லை. ஊரில் சும்மா உட்கார்ந்து பேச்சைக் கேட்கிற பழக்கம் போனதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் அத்தை விஷயமும் அதில்தான் இருக்கிறது.

மதுரைப் பக்கத்து ஆளை எதற்காக வசனத்துக்குக் கூப்பிடுகிறார்கள்? நம் பேச்சுக்காக. 'நம்ம ஊர்ப் பொம்பளைங்க பேசுற மாதிரியே இருக்கு' என்று பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு நம்மிடம் சரக்கு உண்டு. கிணற்றடியில் கேட்டது, எழவு வீட்டில் கேட்டது, பங்காளிச் சண்டையில் கேட்டது, மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டது என்று முப்பது வருஷத்துச் சேமிப்பு. யாரும் எழுதுவதற்காக அதைச் சேர்க்கவில்லை, ஊரோடு இருந்ததால் தானாகச் சேர்ந்தது. முதல் நூறு எபிசோடில் அது கொட்டும். பார்க்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். இருநூறாவது எபிசோட் வரும்போது பெட்டி காலி. திரும்பச் சேர்க்க ஊரில் சும்மா உட்கார நேரம் வேண்டும், அது ஒன்றுதான் கிடையாது. அப்போதுதான் தவறு நடக்கிறது. வீட்டுக்குப் போன் போடுவோம். 'அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் என்ன ஆச்சு, என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு' என்போம். சொல்கிறவர் பாசமாகக் கேட்கிறான் என்று நினைத்துச் சொல்வார். இந்தப் பக்கம் பேனா ஓடிக்கொண்டிருக்கும். அத்தை கண்ணீரோடு பேசியது எது, தாளம் உள்ள வரி எது என்று பிரித்துப் பார்க்கிற காது அப்போது வந்துவிடும். அந்தக் காது வந்துவிட்டால், எதிரில் இருப்பவரின் வலி இரண்டாவதாகத்தான் கேட்கும். உங்கள் தம்பி அத்தையை அவமானப்படுத்த அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். இரவு இரண்டு மணிக்கு வேறு வரி வரவில்லை, அது வந்தது. அத்தைக்கு இந்த விளக்கம் தேவையில்லை, அவருக்கு ஊர் சிரித்ததுதான் உண்மை.

என் வீட்டில் இது வேறு மாதிரி வந்தது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படியில் அம்மாவும் பெரியம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், நல்ல சூடான பேச்சு. நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். பேச்சு நின்றது. பெரியம்மா முருங்கைக் கீரையை உருவ ஆரம்பித்தார். நான் வெளியே வந்ததும் குரலைத் தணித்துத் தொடர்ந்தார்கள். இரவு சோறு போடும்போது அம்மா ஏதோ ஒரு கவலையைச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, 'இதையும் எழுதிப்புடாதப்பா' என்றாள். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. எழுதி எனக்கு என்ன கிடைத்தது, எதைக் கொடுத்தேன் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். எந்தப் பேச்சுக்காக என்னைக் கூப்பிட்டார்களோ, அந்தப் பேச்சு என் முன்னால் நின்றுபோனது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசனகர்த்தாவுக்கு மாதச் சம்பளம் இல்லை, எபிசோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. எனக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் பாக்கியிலேயே ஓடியது. அதில் 10 சதவீதம் வரிப் பிடித்தம் போகும். பி.எப். கிடையாது, சீரியல் நின்ற அன்றே வருமானமும் நிற்கும். ஊருக்கு இது தெரியாது. திரையில் பேர் வருகிறது, அப்படியென்றால் லட்சக்கணக்கில் வாங்குகிறான் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். சீர், மொய் என்று உங்கள் பக்கத்தில் செய்கிற செய்முறையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரெப்பாக இருந்தபோது தாய்மாமன் ஒரு தோடு போட்டால் போதும் என்றிருந்த இடத்தில், இப்போது தட்டு வரிசையும் ஆட்டுக்கிடாவும் எதிர்பார்ப்பார்கள். போன வருஷம் எழுதிய மொய் நோட்டைப் புரட்டி 'இப்ப இவ்வளவுதானா' என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் படம் போட்டு பிளெக்ஸ் வைத்திருந்தால் இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த பிளெக்ஸைப் பார்த்துத்தான் கடன் கேட்கவும் சான்ஸ் கேட்கவும் ஆள் வருகிறது. அவர் விசேஷங்களுக்கு வராமல் நழுவினால், அதற்குப் பாதிக் காரணம் அதுவாகக்கூட இருக்கும்.

வேலையை விடச் சொல்லலாமா என்றால், இப்போது சொல்லாதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாப் படப்பிடிப்பும் ஒரே நாளில் நின்றது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஏழு மணி நேரம் தூங்கினேன். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். மூன்றாவது வாரத்திலிருந்து வேறு விதமாகத் தூக்கம் கெட்டது, கையில் பணமில்லை. பிறகு படப்பிடிப்பு தொடங்கியபோது சில சீரியல்கள் திரும்ப வரவேயில்லை, நான் எழுதியதும் அதில் ஒன்று. கடையைச் சாத்திய மாதிரி எல்லாம் நின்றது. எனக்கு அது நல்லதாக முடிந்ததா என்று கேட்டால், உடம்புக்கு நல்லது, மனசு சரியாக இன்னும் இரண்டு வருஷம் ஆனது. தானாக முடிவெடுத்து வெளியே வந்தவர்கள் என்னைவிடச் சீக்கிரம் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் முடிவு உங்கள் தம்பியுடையதாக இருக்கட்டும். விடுவதற்கும் இப்படியே ஓடுவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கூட ஒரு வசனகர்த்தாவைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவரே கேட்பது. சம்பளத்தில் ஒரு பங்கு போகும், வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கும். சீரியல் உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் மறுக்க மாட்டார்கள். எண் இறங்கிய பிறகு கேட்டால் அதுவே அவரை அனுப்பக் காரணமாகிவிடும். நான் கேட்கவில்லை, பயந்தேன்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். தூங்குவதற்குத் தினமும் குடிக்கிறார், நெஞ்சு படபடக்கிறது என்கிறார், 'நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறார் என்றால், அடுத்த நாளைக்குத் தள்ளாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கடைசியாகச் சொன்ன மாதிரிப் பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்பது அரசின் டெலி-மானஸ் எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நீங்கள்கூடக் கூப்பிட்டு அவரைப் பற்றிக் கேட்கலாம்.

மற்றபடி நீங்கள் செய்யக்கூடியது, அவரை ஊருக்கு வரச் சொல்வதை நிறுத்திவிட்டு நீங்கள் ஒரு முறை போவது. மதுரை வந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை சென்னை. பிள்ளையையும் கூட்டிப் போங்கள். இரண்டு நாள் அவர் அறையில் இருங்கள், சமைத்துப் போடுங்கள். சீரியலைப் பற்றிக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டாம். காது குத்தில் மனசு வலித்ததைச் சொல்லுங்கள், ஆனால் அவர் தூங்கி எழுந்த பிறகு சொல்லுங்கள். அத்தையிடம் அவரையே பேச வையுங்கள், நீங்கள் தூது போக வேண்டாம். போனில் வேண்டாம், நேரில் வந்து அத்தை வீட்டில் உட்கார்ந்து, அந்த வரியை எழுதியது தப்பு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அத்தை திட்டுவார். திட்டும்போது கையில் போன் இருக்கக் கூடாது. நான் பெரியம்மாவிடம் அப்படிப் போய் உட்கார நான்கு வருஷம் தாமதித்தேன், அதற்குள் அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எப்போது போகலாம் என்றால், எந்தக் கிழமையும் போகலாம், வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எண் வரும். வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்குங்கள்.